கை எட்டாத அலமாரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளிகளின் தூய்மை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'பிள்ளைகளுக்கு ஒழுங்கே தெரிவதில்லை' என்று அதில் ஒரு வரி இருந்தது. காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் முப்பது ஆண்டுக்கு மேல் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளோடு கிடந்தவள் நான். அந்த வரியை அப்படியே விட மனம் வரவில்லை. வகுப்பறை அலங்கோலமாக இருந்தால் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் அலமாரியைப் பாருங்கள்.

எங்கள் வகுப்பு இரும்பு பீரோவின் மேல்தட்டு எனக்கே எட்டாது. கத்தரிக்கோலும் கலர் பென்சிலும் அங்கேதான் இருந்தன. ஆறு வயதுப் பிள்ளை படம் வெட்டி முடித்ததும் கத்தரிக்கோலை எங்கே வைக்கும்? ஜன்னல் திண்டில் வைக்கும், இல்லையென்றால் பாய்க்கு அடியில் தள்ளிவிடும். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பிள்ளைகள் தாங்களே அட்டைகளை எடுத்துத் தங்கள் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தபோது நாங்கள் முணுமுணுத்தது உண்மை. அட்டை அடுக்கவே நேரம் சரியாக இருக்கிறதே, பாடம் எப்போது நடத்துவது என்று கேட்டோம். ஆனால் அறையை அமைத்த விதத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன். கரும்பலகையைப் பிள்ளையின் உயரத்துக்கு இறக்கி, சுவர் ஓரமாக ஓட்டினார்கள். அட்டையில் எழுத்தோடு ஒரு படமும் எண்ணும் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகூட, எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படிப் படத்தைப் பார்த்துத் தன் அட்டையைத் தட்டிலிருந்து எடுக்கும், முடித்ததும் அதே தட்டில் போட்டுவிட்டு வரும். பிள்ளைகள் வரைந்ததை மேலே கம்பிப் பந்தலில் தொங்கவிட்டோம். (அதில் சேர்ந்த ஒட்டடை மட்டும் என் பங்கு.)

எழுத்துத் தெரியாமலே அடையாளம் பார்த்து அடுக்குவது எனக்குப் புதிதாகவும் இல்லை. என் அப்பத்தா இங்கே பெரிய வீடு ஒன்றில் சாமான் துலக்கியவர். கல்யாணம் வந்தால் உள்கட்டு அறைகளைத் திறந்து பித்தளையும் எவர்சில்வருமாக இறக்குவார்கள். பங்காளி வீட்டுச் சாமான்களும் கூடவே வந்து கலக்கும். ஒவ்வொன்றிலும் பெயரோ எழுத்தோ வெட்டியிருக்கும். அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. 'கொக்கி போட்டது பெரிய ஆச்சி வீடு, சுழி போட்டது சின்ன ஆச்சி வீடு' என்று எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே பிரித்து அடுக்கிவிடுவார். ஒரு தூக்குச் சட்டிகூட இடம் மாறாது.

அதைத்தான் நான் வகுப்பில் செய்தேன். பீரோவைத் தொடுவதை விட்டுவிட்டு, செங்கல்லின் மேல் பலகை போட்டு முழங்கால் உயரத்தில் ஒரு தட்டு அமைத்தேன். கத்தரிக்கோல் இருக்கும் இடத்தில் அதன் உருவத்தை வரைந்து, கீழே 'கத்தரிக்கோல்' என்று எழுதி ஒட்டினேன். ஜூனில் படத்தைப் பார்த்து வைத்த பிள்ளைகள், தீபாவளி நேரத்தில் அந்தச் சொல்லையே படித்தார்கள். கலர் பென்சில், கணக்குக்கு வைத்திருந்த புளியங்கொட்டை எல்லாவற்றுக்கும் கொட்டான் என்கிற பனையோலைக் கூடை வாங்கிப் போட்டேன். பிளாஸ்டிக் டப்பா உடைந்தால் விளிம்பு கையைக் கிழிக்கும். கொட்டான் நைந்தால் அடுப்புக்குப் போய்விடும். ஒரு சின்னக் கொட்டானுக்கு 'யாருதோ' என்று பெயர். கீழே கிடந்த துண்டுப் பென்சில், ரப்பர், வளையல், தலைக் கிளிப் எல்லாம் அதற்குள். மணி அடிக்கும் முன் எல்லாரும் ஒருமுறை அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். 'டீச்சர், இவன் என் ரப்பரை எடுத்துட்டான்' என்ற புகார் பாதியாகக் குறைந்தது.

கூட்டுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். தான் வெட்டிப் போட்ட காகிதத்தைத் தானே பொறுக்குவதில் ஒரு தவறும் இல்லை. கழிப்பறையைக் கழுவச் சொல்வது கூடவே கூடாது. பெண் பிள்ளை கையில் விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டு ஆண் பிள்ளையை நாற்காலி தூக்க அனுப்புகிற வழக்கத்தை இன்றும் பார்க்கிறேன். முறை வைத்தால் எல்லாருக்கும் முறை வர வேண்டும்.

சரி, இவ்வளவும் ஆசிரியர் கையில் இருப்பவை. அவர் கையில் இல்லாதது ஒன்று உண்டு. உடைந்த மேசை, ஓடாத டி.வி., பாடத்திட்டம் மாறிய பிறகும் கட்டு பிரிக்காமல் கிடக்கும் பழைய புத்தகம் என்று எதையும் பள்ளிக்கூடம் தானாகத் தூக்கிப் போட முடியாது. இருப்புப் பதிவேட்டில் ஏறியது ஏறியதுதான். தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயத்திலேயே எல்லாம் தங்கிவிடுகின்றன. நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளியில் மூன்று அறைகள். அதில் ஒன்று முழுக்க இந்தச் சாமான். ஒருநாள் புத்தகக் கட்டுக்குள்ளிருந்து தேள் வந்தது. கழித்துக் கட்ட அனுமதி கேட்டு எழுதினோம். நான் ஓய்வு பெறும்வரை பதில் இல்லை.

சின்ன வகுப்புகளுக்கு வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் கற்றுக்கொடுக்க 2022-23இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஈராசிரியர் பள்ளியில் முதல் மூன்று வகுப்புகளும் பெரும்பாலும் ஒரே அறையில்தான் உட்காருகின்றன. அரும்பு, மொட்டு, மலர் என மூன்று கற்றல் நிலைப் பிள்ளைகளுக்கும் பொருள்கள் தனித்தனி. பக்கத்து அறையைப் பூட்டி வைத்துவிட்டு, இந்த அறை ஏன் இப்படி இருக்கிறது என்று ஆய்வுக்கு வருகிறவர் கேட்டால் என்ன சொல்வது?

கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மே மாதம் வட்டார அளவில் ஓர் அலுவலர் பதிவேட்டோடு ஒவ்வொரு பள்ளிக்கும் வரட்டும். உதவாததை அங்கேயே பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டு, ஏலம் விட வேண்டியதை ஏலம் விட்டு, எடைக்குப் போட வேண்டியதைப் போட்டுவிட்டுக் கையெழுத்திடட்டும். ஒரு பள்ளிக்கு அரை நாள் போதும்.

போன மாதம் அந்தப் பள்ளிப் பக்கம் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் டீச்சர் என் பலகைத் தட்டை அப்படியே வைத்திருக்கிறார், 'யாருதோ' கொட்டான்கூட இருக்கிறது. மூன்றாவது அறைச் சாவியைப் பற்றிக் கேட்டேன். பீரோவின் மேல்தட்டில் இருக்கிறதாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை,
காரைக்குடி