வெள்ளவத்தை ரயில் பயணிகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகசபைக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. வரவு குறைவு, தேநீர் தாராளம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேரே ரயிலுக்குக் கல்லெறியும் பிரச்சினைக்கு வருகிறேன். இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைக்கழித்தது அதுதான்.

கொழும்புக் கோட்டையில் இருந்து பாணந்துறை போகும் மாலை ரயில் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும் கடல் பக்க ஜன்னலில் கல் விழுந்தது. எறிந்தவர் கல்லைத் தேடி அலையவில்லை. தண்டவாளத்தடியில் கொட்டியிருக்கும் சல்லிக்கல்தான். எதிரே வரும் ரயிலுக்கு எறிந்தால் அதன் வேகமும் கல்லோடு சேர்ந்துகொள்ளும். கண்ணாடி சிதறி நம் உறுப்பினர் ஒருவரின் புருவம் கிழிந்தது. பம்பலப்பிட்டியில் இறக்கி 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்தோம். அம்புலன்ஸ் வந்தது, தையலோடு தப்பினார், கண்ணுக்கு ஒன்றுமில்லை. உடைந்த ஜன்னலுக்கு அப்புறம் தகரம் அடித்தார்கள். இப்போது அந்த இருக்கையில் இருப்பவருக்குக் காற்றும் இல்லை, எந்த ஸ்டேசன் வருகிறது என்றும் தெரியாது.

முறைப்பாடு எழுதினோம். கவனத்தில் எடுக்கப்படும் என்று பதில் வந்தது. சரி, நம்மால் முடிந்ததைச் செய்வோம் என்று பக்கத்து ரியூஷன் வகுப்புகளுக்குப் போய்ப் பேசினோம். கிழிந்த புருவத்தோடு அவரே வந்து நின்றதும் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். ஆனால் ஒன்று: இருக்கை றெக்சினைப் பிளேடால் கீறுவதும் ஷட்டரின் கொளுக்கியைக் கழற்றுவதும் கடற்கரைப் பெடியன்கள் செய்கிற வேலை இல்லை. சீசன் டிக்கெட்டோடு நம் பக்கத்தில் இருப்பவர்கள் செய்வது. கண்டும் பேசாமல் இருக்கிறோம்.

தண்டவாளத்தை ஒட்டிய மரைன் டிரைவ் வீதியோரம் முழுக்க வேலி போடக் கேட்கவேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. நான் எதிர்த்தேன். தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இருக்கும்வரை சனம் போகத்தான் செய்யும். எந்த வேலியிலும் ஆறு மாதத்தில் ஆள் நுழையும் ஓட்டை விழும். மணியும் விளக்கும் உள்ள ஒழுங்கான கடவைகள் கேட்பதே மேல். இங்கே இரட்டைப் பாதை. ஒரு ரயில் போனவுடன் காலை வைப்பவர் மற்றப் பாதையில் வருவதைக் காண்பதில்லை, அலைச்சத்தத்தில் கேட்பதும் இல்லை. செல்பிக்கு நிற்பவர்களைக் கண்டு சாரதி பிரேக் பிடித்தாலும் ரயில் நிற்கப் பல நூறு மீற்றர் வேண்டும். கடவைகள் கேட்கும் யோசனை வாக்கெடுப்பில் மயிரிழையில் நிறைவேறியது, கடிதம் அனுப்பியாகிவிட்டது.

மிதிபலகையில் தொங்க வேண்டாம் என்று ஒவ்வோர் ஆண்டும் எழுதுகிறோம். பெட்டி குறைந்த நாளில் வேறெங்கே நிற்பது என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. பையையாவது முதுகில் இருந்து கழற்றி முன்னால் போடுங்கள்.

தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் அச்சாகி வந்துவிட்டது. கல்லெறியைக் கண்டால் பொலிஸுக்கு 119, காயப்பட்டால் 1990 என்று பெரிதாகப் போட்டிருக்கிறோம். நிலைய அதிபர் ஒட்ட அனுமதி தந்திருக்கிறார். வரும் ஞாயிறு காலை ஸ்டேசன் வாசலுக்கு வாருங்கள். பசை நான் கொண்டு வருகிறேன், ஏணி யாரிடமாவது இருந்தால் சொல்லவும்.

செயலாளர்