அடி வரைக்கும் வேண்டாம்: குடியிருப்போர் சங்கச் செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் செயலாளர்களுக்கும் பொருளாளர்களுக்கும் வணக்கம்.

பாதாளச் சாக்கடை இன்னும் எட்டிப் பார்க்காத தெருக்களில், தாம்பரத்தையும் ஆவடியையும் சுற்றி வளர்ந்துகொண்டே போகும் நகர்களில், இருபது வீடு முப்பது வீடு கொண்ட குடியிருப்புகளை நடத்துகிறவர்கள் நீங்கள். சம்பளம் இல்லாத பொறுப்பு. மோட்டார் பழுதானாலும் லிஃப்ட் நின்றாலும் மாதச் சந்தா பாக்கி விழுந்தாலும் உங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள். செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரிக்காரருக்குப் போன் போடுவதும், பேரம் பேசுவதும், வேலை முடிந்ததா என்று எட்டிப் பார்த்துப் பணம் கொடுப்பதும் நீங்கள்தான். அரசுக்கு எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனாலும் ஒரு மனிதர் குழிக்குள் இறங்குவதா வேண்டாமா என்பது அந்த அரை மணி நேரத்தில் உங்கள் வாயிலிருந்து வரும் சொல்லில் இருப்பதால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

பெரும்பாலும் நடப்பது இது. லாரி வந்து, குழாயை உள்ளே விட்டு, உறிஞ்ச முடிந்ததை உறிஞ்சிவிடுகிறது. மேலே நின்ற தண்ணீர் போய்விட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் ஓர் அடி உயரத்துக்குக் கறுப்பாகக் கசடு இறுகிக் கிடக்கிறது. குழாயால் அதை இழுக்க முடியவில்லை. "இவ்வளவு காசு குடுக்கிறோம், அடியில அப்படியே கிடக்குதேப்பா. அடி வரைக்கும் சுத்தமா எடுத்துக் குடுத்துடுங்க" என்று செயலாளர் சொல்கிறார். லாரியோடு வந்த உதவியாள் சட்டையைக் கழற்றி மூடிமேல் வைக்கிறார். மண்வெட்டியையும் வாளியையும் கேட்கிறார். இடுப்பில் கயிறு கட்டுவதுகூடப் பல நேரம் கிடையாது.

உங்கள் கோரிக்கை தொழில்நுட்ப ரீதியாகவே தவறு என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதிமுறை, ஐ.எஸ். 2470, கசடு எடுக்கும்போது அடியில் குறைந்தது 25 மில்லிமீட்டர் அளவுக்காவது விட்டுவிடச் சொல்கிறது. மலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அந்தக் கசட்டில்தான் இருக்கின்றன. தயிருக்கு உறை மோர் மாதிரி அது. முழுக்கச் சுரண்டி, பினாயில் ஊற்றிக் கழுவிய தொட்டியில் அந்த உயிர்கள் மறுபடி பெருகக் காலம் பிடிக்கும். அதுவரை நாற்றம்தான் கூடும். தரை தெரியும் அளவுக்குச் சுத்தமான செப்டிக் டேங்கால் உங்கள் குடியிருப்பில் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அதற்காகத்தான் ஆள் இறங்குகிறார்.

கசடு ஏன் இறுகுகிறது? ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லிட்டர் கசடு சேரும் என்பது பொதுவான கணக்கு. 20 வீட்டில் 80 பேர் என்றால் ஆண்டுக்கு 3,200 லிட்டர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் அது கூழாக இருக்கும், லாரி இழுத்துவிடும். தரைத்தள வீட்டுக் குளியலறையில் தண்ணீர் எதிர்த்து வரும்வரை நம் சங்கங்கள் டேங்கை நினைப்பதில்லை. ஐந்து, ஏழு ஆண்டு கழித்துத் திறந்தால் அடியில் இருப்பது களிமண். ஒரு லாரி வாடகையை மிச்சம் பிடித்துவிட்டதாகப் பொருளாளரின் கணக்கில் தெரியும். அந்தக் கணக்கில் ஏறாத பாக்கியை வேறு ஒருவர் தன் நுரையீரலால் தீர்க்கிறார்.

இறுகிய கசட்டையும் ஆள் இறங்காமல் எடுக்க வழி இருக்கிறது. மேலே நிற்கும் தண்ணீரை முதலில் உறிஞ்சக் கூடாது. லாரிக்காரர்கள் அவசரத்தில் அதைத்தான் செய்கிறார்கள், தண்ணீர் சுலபமாக ஏறிவிடும், வண்டியும் சீக்கிரம் நிரம்பிவிடும். தண்ணீர் இருக்கும்போதே நீளமான கம்பால் மேலே நின்றபடி அடியைக் கிளற வேண்டும். அல்லது லாரியின் பம்பைத் திருப்பி ஓட்டி, உறிஞ்சிய நீரையே வேகமாக உள்ளே பீய்ச்ச வேண்டும். கசடு கலங்கிக் கூழானதும் உறிஞ்ச வேண்டும். மீதி இருந்தால் மறுபடி தண்ணீர் விட்டு, கிளறி, மறுபடி உறிஞ்ச வேண்டும். இரண்டு, மூன்று முறை ஆகலாம். கூடுதலாக ஒரு மணி நேரமும் இன்னொரு லாரி நடையும் பிடிக்கும். அதற்கான பணத்தைக் கேட்டால் கொடுங்கள். "போன தடவை இவ்வளவுதானே ஆச்சு" என்று பிடித்து வைக்கும் பணம்தான் அந்த ஒரு மணி நேரத்தை வெட்டி, ஆளை உள்ளே அனுப்புகிறது.

இன்னொரு சிக்கல் மூடிகள். முறையாகக் கட்டிய தொட்டியில் இரண்டு அறைகள் இருக்கும், முதல் அறை நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. ஒவ்வோர் அறைக்கும் தனி மூடி வேண்டும். பல குடியிருப்புகளில் கார் நிறுத்துமிடத்துக்கு டைல்ஸ் போட்டபோது ஒரு மூடி அடியில் போய்விட்டது, இன்னொன்றின்மேல் யாரோ ஒருவரின் கார் நிரந்தரமாக நிற்கிறது. திறக்க முடிந்த ஒரே மூடி வழியாக மூலைவரை குழாய் போகாது. அந்த மூலைக்குத்தான் மனிதரை அனுப்புகிறோம். டைல்ஸை உடைத்து இரண்டு மூடியையும் வெளியே கொண்டுவர ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. லாரி நிற்கும் இடத்தையும் யோசியுங்கள். நடைமுறையில் ஏழு மீட்டர் ஆழத்துக்குமேல் அந்தப் பம்பு இழுக்காது. குழாய் நீள நீள இழுவை குறையும். வாசலில் வண்டிகளை ஒதுக்கி லாரியைத் தொட்டிக்கு அருகில் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதை உங்கள் சங்கத்தில் ஒருவருக்காவது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆகும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமலே போய்விடும். 'நாத்தம் குறைஞ்சிடுச்சு, இறங்கலாம்' என்று தோன்றும் நேரம் மிக ஆபத்தான நேரமாக இருக்கலாம். ஆயிரத்தில் ஒரு பங்கு ஆனால் ஓரிரு மூச்சில் ஆள் சரிந்துவிடுவார், கத்தக்கூட நேரம் இருக்காது. முந்தின நாளே மூடியைத் திறந்து வைத்துவிட்டோம் என்பது போதாது. கோலி சோடாவைக் குலுக்கினால் பொங்குவதுபோல, கசட்டுக்குள் அடைபட்ட வாயு மண்வெட்டி பட்டதும் ஒரே மூச்சில் வெளிவரும். மெழுகுவத்தியோ எரியும் காகிதமோ இறக்கிப் பார்ப்பது இன்னும் மோசம்: நச்சு வாயு இருப்பதை அந்தச் சுடர் காட்டாது, கசட்டிலிருந்து கிளம்பும் மீத்தேன் என்ற எரிவாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும். முகத்தில் கட்டும் ஈரத் துண்டு, கொரோனா காலத்து மாஸ்க், இறங்கும் முன் வாங்கிக் கொடுக்கும் குவார்ட்டர், எதுவும் வாயுவைத் தடுக்காது.

ஒருவர் விழுந்துவிட்டால் அடுத்தவர் குதிப்பார். அண்ணனை எடுக்கத் தம்பி, அவரை எடுக்க டிரைவர், வாட்ச்மேன். ஒரே குழியில் இரண்டு, மூன்று பேர் சாவது இப்படித்தான். அந்த நேரத்தில் செயலாளராக நீங்கள் செய்ய வேண்டியது, யாரையும் இறங்கவிடாமல் தடுப்பது. தடுத்துக்கொண்டே 101க்கோ 112க்கோ அழைத்து, 'செப்டிக் டேங்க், வாயு, ஆள் உள்ளே' என்று சொல்லுங்கள், மூச்சுக் கருவியோடு வருவார்கள். 108க்கும் சொல்லுங்கள். இடுப்பில் கயிறு இருந்தால் மேலிருந்தே இழுங்கள். எல்லா மூடிகளையும் திறந்து வெளிக்காற்றை உள்ளே அடிக்கச் செய்யுங்கள்.

சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கும் பெரிய குடியிருப்புகள் தங்களுக்கு இது பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். அங்கே கழிவுநீர் சேரும் தொட்டியின் அடியில் மோட்டார் இருக்கிறது. சானிட்டரி நாப்கின், குழந்தைக்குத் துடைக்கும் வைப்ஸ், துணி இவற்றைக் கழிப்பறையில் போட்டால் மோட்டாரின் விசிறியில் சுற்றிக்கொண்டு அடைக்கும். அதை எடுக்க ஹவுஸ்கீப்பிங் பையன் ஏணியில் இறங்குகிறான். மோட்டாரை இரண்டு வழிகாட்டிக் குழாய்களில் பொருத்திச் சங்கிலி போட்டுவிட்டால் மேலிருந்தே தூக்கிவிடலாம். தொட்டிக்கு முன்னால் கம்பி வலைத் தடுப்பு ஒன்று இருந்தால் துணியெல்லாம் அங்கேயே நிற்கும். ஒருமுறை செய்யும் செலவு இது.

சட்டம் உங்களைப் பற்றியும் பேசுகிறது. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, உரிய கருவியும் பாதுகாப்பும் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலைக்கு அமர்த்தக் கூடாது என்கிறது. முதல்முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 5 ஆண்டு, 5 லட்சம் வரை. பிணையில் விட முடியாத குற்றம். 'அவரேதான் இறங்கினார்', 'கான்ட்ராக்டரைத்தான் கூப்பிட்டோம்' என்ற பேச்சுக்கெல்லாம் அந்த 'மறைமுகமாக' என்ற சொல் பதில் வைத்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

இறங்குகிறவர் யார் என்பதையும் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது. ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில் 2024 வரை கணக்கெடுக்கப்பட்ட ஏறத்தாழ 38,000 சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களில் 100க்கு 92 பேர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். பட்டியல் சாதியினர் மட்டும் கிட்டத்தட்ட 69 பேர். தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. அது எங்கே மிச்சமிருக்கிறது என்று பார்க்க ஊர்ப்புறம் போக வேண்டியதில்லை, உங்கள் கேட்டில் லாரி வந்து நிற்கும் அந்த மணி நேரத்தைக் கவனியுங்கள். அறுபது வயதுக்காரரைப் பதினாறு வயதுப் பையன் 'ஏய், இங்க வா' என்கிறான். தண்ணீர் கேட்டால் தூக்கி எறிய வேண்டிய பழைய பாட்டிலைத் தேடுகிறோம், அல்லது கை குவிக்கச் சொல்லி மேலிருந்து ஊற்றுகிறோம். வேலை முடிந்து கை கால் கழுவக் குழாய் கேட்டால் செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைக் காட்டுகிறோம். பணத்தைத் தரையில் வைத்துவிட்டு நகர்கிறவர்களும் உண்டு. தண்ணீர் கொடுக்க டம்ளரைத் தேடாத மனசு, இறங்குகிறவர் இடுப்பில் கயிறு இருக்கிறதா என்றும் பார்க்காது. பெயரைக் கேளுங்கள், அண்ணே என்று கூப்பிடுங்கள், உங்கள் வீட்டு டம்ளரில் தண்ணீர் கொடுங்கள், சோப்பும் ஒரு குளியலறையும் திறந்து விடுங்கள். காவலாளிகளுக்காகக் கீழ்த்தளத்தில் கட்டிய குளியலறை பல குடியிருப்புகளில் இருக்கிறது.

லாரியைக் கூப்பிடும்போது தெரு முனையில் ஒட்டிய ஸ்டிக்கர் எண்ணுக்குப் பதிலாக 14420 என்ற கட்டணமில்லா எண்ணையோ, உள்ளாட்சியில் உரிமம் பெற்ற வண்டியையோ கேளுங்கள். போனிலேயே 'ஆள் இறங்கக் கூடாது, கலக்கி எடுக்கணும், எத்தனை நடை ஆனாலும் கூலி தர்றோம்' என்று சொல்லிவிடுங்கள். எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார் என்று கேட்டு ரசீது வாங்குங்கள். இல்லையென்றால் இரவோடு இரவாகப் பக்கத்து ஏரியில் இறங்கும், அதே தண்ணீர் உங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்பும்.

அடுத்த கூட்டத்தின் பொருள் பட்டியலில் இதைச் சேர்த்துவிடுங்கள்: தொட்டியின் இரண்டு மூடிகளும் எங்கே இருக்கின்றன, கடைசியாக எப்போது எடுத்தோம், எந்தக் கார் மேலே நிற்கிறது. மூடிமேல் நிற்கும் காருக்கு வேறு இடம் ஒதுக்குங்கள். அடுத்து எடுக்க வேண்டிய மாதத்தையும் ஆண்டையும் மின் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் வரும் செயலாளரும் கண்டுகொள்ளும் அளவுக்குப் பெரிய எழுத்தில் இருக்கட்டும். அதற்குக் கீழே 'ஆள் இறங்கக் கூடாது' என்று இன்னொரு வரி.

அன்புடன்,
தெரு மக்களில் ஒருவர்