இரண்டாம் இடம் போனால்

மார்த்தாண்டம்
18.6.2024

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இடது கண்ணில் புரை எடுத்திருப்பதால் ஒரு வாரம் படிக்காதே, எழுதாதே, டிவி பார்க்காதே என்று வீட்டில் எல்லோரும் காவல் இருந்தார்கள். ஜூன் 4 அன்று மட்டும் எப்படிச் சும்மா இருப்பது? கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வாக்கு எண்ணிக்கை முழுவதையும் காதாலேயே பார்த்தேன். எண்பதுகளில் ரேடியோ கேட்ட மாதிரிதான் இருந்தது.

நீ கேட்டது நல்ல கேள்வி. 1983 ஜனவரியில் ஒரே வாரத்தில் ஆந்திராவும் கர்நாடகாவும் காங்கிரஸ் கையை விட்டுப் போயின. இன்று பெங்களூரில் காங்கிரஸ் முதலமைச்சராகச் சித்தராமையா 135 சீட்டோடு உட்கார்ந்திருக்கிறார். ஆந்திர சட்டசபையிலோ காங்கிரஸுக்கு ஒரு நாற்காலிகூட இல்லை, அதுவும் தொடர்ந்து மூன்றாவது முறையாக. ஒரே நாளில் படுத்த இருவரில் ஒருவன் எழுந்து நடமாடுகிறான், ஒருவன் எழுந்திருக்கவே இல்லை. ஏன்?

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஞாபகம் இருக்கிறதா? மூன்று கட்டில், ஒரு ஜன்னல், நடுவில் உன் மர்ஃபி ரேடியோ. நம் நெல்லூர்க்காரன் பரம்பரைக் காங்கிரஸ்காரன். நடிகர் என்.டி.ராமராவ் தெலுங்கு தேசம் கட்சி தொடங்கி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. "கிருஷ்ணர் வேஷத்துக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்" என்று முதல் நாள் வரை சிரித்துக்கொண்டிருந்தவன், இருநூறு சீட் என்று கேட்டதும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். நீ டைரியின் பின்பக்கம் கட்டம் போட்டு எழுதிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் கர்நாடகாவும் விழுகிறது என்று நீ சொன்னபோது போர்வைக்குள்ளிருந்து தெலுங்கில் ஒரு வசவு வந்தது. அதை இங்கே எழுத முடியாது.

அவன் போர்வை போர்த்தியதிலும் நியாயம் இருந்தது. அந்த இரண்டு மாநிலங்களும் எப்பேர்ப்பட்ட கோட்டைகள்! 1977ல் வடக்கே காங்கிரஸ் துடைத்தெறியப்பட்டபோது ஆந்திரா 42க்கு 41 கொடுத்தது, கர்நாடகா 28க்கு 26. இந்திரா காந்தி பிறகு தெற்கே வந்து போட்டியிட்டதும் சிக்மகளூரிலும் மேடக்கிலும்தானே. அப்படிப்பட்ட இடத்தில் ஐந்து வருஷத்தில் நான்கு முதலமைச்சர்களை டெல்லியிலிருந்து மாற்றினால் ஆந்திராக்காரனுக்குக் கோபம் வராதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கண் கட்டி உட்கார்ந்திருந்த ஒரு வாரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான். ஒரு கட்சி முதலிடத்தை இழந்தால் திரும்ப வரலாம். இரண்டாம் இடத்தை இழந்தால் வருவது மகா கஷ்டம். ஆளுங்கட்சி மேல் கோபப்பட்டவன் போய் ஒதுங்க ஒரு திண்ணை வேண்டும். அந்தத் திண்ணை எந்த வீட்டில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. உள்ளூர்ப் பெரிய மனிதன், காண்டிராக்டர், சீட் கிடைக்காதவன், பூத் ஏஜென்டாக உட்காரும் பையன் எல்லோரும் அங்கேதான் போய்ச் சேருவார்கள்.

ஆந்திராவையே பார். 1983ல் தோற்ற காங்கிரஸ் 1989ல் திரும்பி வந்தது. 1994ல் 294க்கு வெறும் 26 சீட். ஆனால் அப்போதும் மூன்றில் ஒரு பங்கு ஓட்டு அவர்களிடம் இருந்தது. ராமராவுக்குப் பின் வந்த சந்திரபாபு நாயுடு மேல் கோபப்பட்டவனுக்கு வேறு திண்ணை இல்லை. அதனால்தான் 2003ல் காங்கிரஸின் ராஜசேகர ரெட்டி நடையாய் நடந்து வந்தபோது ஊர் முழுக்கப் பின்னால் வந்தது, 2004ல் ஜெயித்தார். 2009லும் ஜெயித்தார். அந்த செப்டம்பரில் ஹெலிகாப்டர் விபத்து. மகன் ஜெகனுக்கு முதலமைச்சர் பதவி இல்லை என்றார்கள், ஜெகன் 2011ல் தனிக்கட்சி கண்டார். 2014ல் மாநிலத்தைப் பிரித்தார்கள். அவ்வளவுதான், நாற்பது ஐம்பது வருஷத்து ஓட்டு அப்படியே பெயர்ந்து அடுத்த வீட்டுக்குக் குடிபோய்விட்டது. ரெட்டிகள் மட்டுமல்ல, தலித் ஓட்டும் கிறிஸ்தவர் ஓட்டும் சேர்ந்து போனது. சட்டசபையில் காங்கிரஸுக்குப் பூஜ்யம். இப்போது ராஜசேகர ரெட்டியின் மகளே காங்கிரஸ் தலைவியாக வந்தும், கடப்பாவில் மூன்றாம் இடம்தான்.

இரண்டாம் இடத்துக்கு எவ்வளவு உயிர் இருக்கிறது என்பதை நீ அனுப்பிய கணக்கிலேயே பார்க்கலாம். 2019ல் தெலுங்கு தேசம் 39 சதவீத ஓட்டு வாங்கி 175க்கு 23 சீட்தான் பெற்றது. கதை முடிந்தது என்று நீயே எழுதியிருந்தாய். ஐந்தே வருஷத்தில், நடிகர் பவன் கல்யாண் கட்சியும் பா.ஜ.க.வும் கூடச் சேர்ந்ததும், 135. இந்த முறை ஜெகன் கட்சிக்கு அதே 39 சதவீதம், சீட் 11. அதனால் இந்தப் பதினொன்றைப் பார்த்து அவசரப்பட்டுச் சிரிக்காதே. 39 சதவீதம் என்பது தோற்றவனின் சொத்து. சீட்டு வெறும் வட்டி.

தெலங்கானாதான் என் வாதத்துக்குப் பெரிய சாட்சி. அதே கட்சி, அதே பிரிவினை முடிவு. 2014ல் அங்கேயும் தோற்றார்கள், பலனை, தனி மாநிலம் கேட்டுப் போராடிய கே.சி.ஆர். அள்ளிக்கொண்டு போனார். ஆனால் 119ல் 21 சீட்டோடு காங்கிரஸ் இரண்டாம் இடத்தில் நின்றது. 2018ல் 19. ஜெயித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் கட்சி தாவியும் திண்ணை மட்டும் அங்கேயே இருந்தது. போன டிசம்பரில் காங்கிரஸின் ரேவந்த் ரெட்டி முதலமைச்சராக வந்து உட்கார்ந்துவிட்டார். இப்போது லோக்சபாவில் கே.சி.ஆர். கட்சிக்குப் பூஜ்யம், காங்கிரஸும் பா.ஜ.க.வும் ஆளுக்கு எட்டு. அங்கே திண்ணை கைமாறுகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

உன் கர்நாடகா பற்றி உனக்கே நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் சொல்கிறேன். அங்கே காங்கிரஸை வீழ்த்திய ஜனதா, வீழ்த்திய கையோடு தன்னையே துண்டு துண்டாக வெட்டிக்கொண்டது. 1990ல் உடம்பு முடியாமல் இருந்த காங்கிரஸ் முதலமைச்சர் வீரேந்திர பாட்டீலை ராஜீவ் காந்தி விமான நிலையத்தில் வைத்தே மாற்றுவதாக அறிவித்தார். அவருடைய சாதிக்காரர்களான லிங்காயத்துகள் அதை மறக்கவே இல்லை. 1994ல் சீட்டுக் கணக்கில் காங்கிரஸ் பா.ஜ.க.வுக்கும் கீழே மூன்றாவதாகப் போனது. ஆனால் ஓட்டுக் கணக்கில் இரண்டாம் இடம் போகவில்லை. பா.ஜ.க. வளர்ந்தது பெரும்பாலும் ஜனதா காலி செய்த வீட்டில்தான். காங்கிரஸ் முதலமைச்சராக இருந்த தேவராஜ் அர்ஸ் எழுபதுகளில் சேர்த்துவைத்த பிற்படுத்தப்பட்டோர் ஓட்டு, தேய்ந்தும் வளர்ந்தும், இன்றைக்கும் சித்தராமையாவுக்குச் சோறு போடுகிறது. 1985க்குப் பிறகு எந்த ஆளுங்கட்சியும் அங்கே தொடர்ந்து இரண்டு முறை ஜெயித்ததில்லை. அப்படிப்பட்ட ஊரில் இரண்டாம் இடத்தில் இருப்பவன் பொறுமையாக இருந்தாலே போதும்.

சாதிக் கணக்கு இல்லாமல் இதெல்லாம் பேசுகிறாயா என்று திட்டுவாய். இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாதியும் எங்கேயாவது போய் உட்காரத்தானே வேண்டும்.

இனி நம் வீட்டுக் கதை. 1967ல் காங்கிரஸ் தோற்றது என்று சொல்கிறோமே, ஓட்டுச் சதவீதத்தில் அன்றைக்கும் காங்கிரஸ்தான் ஒரு மயிரிழை முன்னே: 41, தி.மு.க. 40 சொச்சம். தி.மு.க. குறைந்த இடத்தில்தான் நின்றது, கூட்டணி வலுவாக இருந்தது. ஆகவே காங்கிரஸ் செத்தது 67ல் இல்லை என்று நான் வாதாடுவேன். காமராஜர் விருதுநகரில் 1285 ஓட்டில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார் சரி. இரண்டு வருஷத்தில் எங்கள் நாகர்கோவில்காரர்கள் அவரை லோக்சபாவுக்கு அனுப்பிவைத்தார்களே. அடி விழுந்தது 1971ல். காமராஜர் ஒரு பக்கம், இந்திரா ஒரு பக்கம் என்று கட்சி உடைந்த பிறகு, காமராஜரைத் தோற்கடிக்க இந்திரா காங்கிரஸ் தி.மு.க.வோடு சேர்ந்தது. ஒன்பது பத்து லோக்சபா சீட்டுக்காகச் சட்டசபையில் ஒரு தொகுதியில்கூட நிற்கவில்லை. யோசித்துப் பார், டெல்லியில் ஆளும் காங்கிரஸின் சின்னம் சட்டசபை ஓட்டுச் சீட்டிலேயே இல்லை! அடுத்த வருஷம் எம்.ஜி.ஆர். வெளியே வந்தார். காலியாக இருந்த திண்ணையில் அவர் உட்கார்ந்தார்.

1977 கணக்கை நீ உன் டைரியில் சரிபார்த்துக்கொள். எம்.ஜி.ஆருக்கு 30 சதவீதம். காங்கிரஸுக்கு 17 சொச்சம், ஜனதாவுக்கு 16 சொச்சம். ஜனதா என்றால் இங்கே பெரும்பாலும் யார்? காமராஜரின் பழைய ஆட்கள். கூட்டிப் பார்த்தால் 34. காமராஜர் போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதன் பிறகு ஒருமுறை, 1989ல், மூப்பனார் தனியாக நின்று பார்த்தார். சுமார் இருபது சதவீத ஓட்டு, 26 சீட். மூன்றாமவனுக்கு அதுதான் உச்சம். அதற்கப்புறம் யார் தோளில் ஏறுவது என்பது மட்டுமே கேள்வியாகிவிட்டது.

ஆனால் கேட்டியா, என் விளவங்கோடு தொகுதி மட்டும் இதற்கு அடங்காது. 1977 முதல் இங்கே ஜெயித்தது மார்க்சிஸ்ட் அல்லது காங்கிரஸ், வேறு யாரும் இல்லை. தி.மு.க.வோ அ.தி.மு.க.வோ ஒருமுறைகூட ஜெயித்தது கிடையாது. 1956 நவம்பர் 1ல் திருவிதாங்கூரிலிருந்து இந்தப் பக்கம் வந்தோம், ஓட்டுப் பழக்கம் மட்டும் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பக்கத்துத் தொகுதியான பத்மநாபபுரம்தான் 1996ல் பா.ஜ.க.வுக்குத் தமிழ்நாட்டின் முதல் எம்.எல்.ஏ.வைக் கொடுத்தது. இந்த ஏப்ரலில் எங்களுக்கு இடைத்தேர்தலும் சேர்ந்து வந்தது. எம்.எல்.ஏ. பா.ஜ.க.வுக்குப் போனார், சீட்டு காங்கிரஸிலேயே நின்றது.

பிரச்சாரத்தின்போது ஒருநாள் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை போயிருந்தேன். இந்தப் பக்கம் ஒரே ஆட்டோவில் கைச் சின்னக் கொடியும் அரிவாள் சுத்தியல் கொடியும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு பறக்கின்றன. அடுத்த பஸ்ஸில் ஏறி கேரளப் பக்கம் பாறசாலையில் இறங்கினால், அந்த இரண்டு கொடிக்காரர்களும் எதிரெதிர் ஒலிபெருக்கியில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கு ஓட்டு 19ம் தேதி, அவர்களுக்கு 26. இங்கே ஓட்டுப் போட்டு மை காயாத விரலோடு அங்கே காங்கிரஸுக்குக் கொடி கட்டப் போன ஒரு தோழரை எனக்குத் தெரியும். அவர் மார்க்சிஸ்ட் உறுப்பினர். மச்சினன் காங்கிரஸ், என்ன செய்வது!

கேரளாவில் நாற்பது வருஷமாக காங்கிரஸ் அணி, மார்க்சிஸ்ட் அணி என்று இரண்டு வீடு, இரண்டு திண்ணை, மாறி மாறிக் குடியிருந்தார்கள். 2021ல் மார்க்சிஸ்ட் முதலமைச்சர் பினராயி அதை உடைத்து 99 சீட்டோடு மறுபடி வந்தார். இப்போது திருச்சூரில் பா.ஜ.க.வின் நடிகர் சுரேஷ் கோபி ஜெயித்தது பெரிய செய்தியாகிவிட்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது, போன முறை அங்கே ஜெயித்த காங்கிரஸ் இந்த முறை மூன்றாவதாக வந்ததுதான். ஒரு தொகுதிதான், இருபதில் பதினெட்டைக் காங்கிரஸ் கூட்டணிதான் அள்ளியிருக்கிறது. இருந்தாலும் மூன்றாவது என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் காது நிமிர்ந்துகொள்கிறது.

அதே காதோடுதான் கோவை, நெல்லை, மதுரை கணக்குகளையும் கேட்டேன். 39க்கு 39ம் தி.மு.க. கூட்டணிக்கு என்பதில் சுவாரசியம் இல்லை. 2014ல் ஜெயலலிதா தனியாக நின்று 44 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க., கூட்டணிக்குக் கொடுத்த தொகுதிகள் போக, இன்று இருபது சதவீதத்தில் நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு தொகுதிகளில் இரண்டாம் இடம் பா.ஜ.க. அணிக்குப் போய்விட்டது. எங்கள் கன்னியாகுமரியில் டெபாசிட்டே இல்லை. பா.ஜ.க.வுக்குப் பதினொரு சதவீதம்தானே என்று நீ சொல்வாய். சொல்லு. சட்டசபைத் தேர்தலில் இரட்டை இலை வேறு மாதிரி துளிர்க்கும் என்று எனக்கும் தோன்றுகிறது, கிராமத்தில் அந்த இலைக்கு வேர் இருக்கிறது. ஆனால் 2026 வரை அந்த வேரை யார் தண்ணீர் விட்டுக் காப்பாற்றுவது என்று பார்க்கிறேன், ஒருவரும் தென்படவில்லை.

நெல்லூர்க்காரனுக்குப் போன் செய்தேன். 2014லிருந்து ஜெகனுக்குத்தான் ஓட்டாம். "என்னடா கட்சி மாறிட்டே" என்றால், "நான் எங்கேடா மாறினேன், கடைக்குப் போர்டு மாத்திட்டாங்க" என்கிறான். பதினொன்று என்று சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. வயசு எழுபதைத் தொட்டுவிட்டதே, மறுபடி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டானோ என்று கேட்டேன். சிரித்தான்.

ஆகஸ்டில் மகளைப் பார்க்கத் திருவனந்தபுரம் வருகிறானாம். நீயும் பெங்களூரிலிருந்து ரயில் ஏறு. குழித்துறையில் இறங்கினால் வந்து அழைத்துக்கொள்கிறேன். அந்த டைரியை மறக்காமல் எடுத்து வா. 1983 பக்கத்தில் டீ சிந்திய கறை இருக்கும், அதைச் சிந்தியது நான் இல்லை என்பதை இந்த முறை தீர்த்துவிட வேண்டும்.

உன்,
ஜன்னல் கட்டில்காரன்