கண்ணாடி கொடுத்த அண்ணனுக்கு

சிறையில் இருந்த என் தம்பி இறந்துபோனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நேற்று, அந்தச் சாவை விசாரிக்கும் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் அம்மா வாக்குமூலம் கொடுத்து முடித்தார். இத்தனை நாளுக்குப் பிறகு நேற்றிரவுதான் படுத்ததும் தூங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு. எங்கள் வக்கீலின் குமாஸ்தா இல்லை. வேறு யாருடைய வழக்குக் கட்டையோ பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றவர். அம்மா சொன்னதைத் தட்டச்சு செய்து, "படிச்சுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்கம்மா" என்று தாள்களைக் கொடுத்தார்கள். அம்மா பதற்றத்தில் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டார். "பரவால்லீங்க, எங்க போடணும்?" என்று பேனாவை எடுத்துவிட்டார்.

அந்த அண்ணன் தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "படிக்காம போடாதீங்கம்மா. நான் இங்கதான் நிக்கிறேன்."

கண்ணாடியின் ஒரு கால் நூலால் கட்டியிருந்தது. அம்மா விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றது. கடைசியாகச் சிறையில் மனுப் போட்டுப் பார்த்தபோது தம்பி சொன்னது: "தூக்கமே வரலம்மா, டாக்டரப் பாக்கணும்னு ரெண்டு தடவ கேட்டுட்டேன்." தாளில் 'தூக்கம் வரவில்லை என்றான்' என்பதோடு வாக்கியம் முடிந்திருந்தது. "அவன் கேட்டான்னு இதுல இல்லீங்களே" என்றார் அம்மா. நடுவர் உடனே அதைச் சேர்க்கச் சொன்னார்.

அந்த ஒரு வரிதான் எங்கள் வழக்கு. "தற்கொலைதானே, அவனா எடுத்த முடிவுக்கு யாரைக் கேட்கப்போறீங்க?" என்று கேட்காதவர்கள் குறைவு. பூட்டிவைக்கப்பட்டவன் தானாக எழுந்து டாக்டரிடம் போக முடியுமா? அவன் உயிருக்குப் பூட்டியவர்கள்தான் பொறுப்பு. 2012 முதல் 2015 வரை சிறைகளில் இயற்கைக்கு மாறாக இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு கிடைக்க, உயர் நீதிமன்றங்கள் தாமாகவே வழக்கெடுக்க வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறைத் தற்கொலைகளைப் பற்றியும் அதே தீர்ப்பு விரிவாகப் பேசுகிறது. எங்கள் வக்கீல் அக்கா அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த அக்கா சட்டப் பணிகள் ஆணைக்குழு கொடுத்த வக்கீல். பெண் மனுக் கொடுத்தால் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஒரு வருடம் தாண்டினால் மனித உரிமை ஆணையம் புகாரை எடுக்காது என்று சொல்லி, அழுதுகொண்டிருந்த என்னை அன்றே எழுத வைத்தவரும் அவர்தான். உடலைக் குடும்பம் பார்க்காமல் பிரேதப் பரிசோதனை கூடாது, அறிக்கையும் வீடியோவும் குடும்பத்துக்குத் தர வேண்டும் என்ற உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் 2020 உத்தரவைப் பிணவறை வாசலில் கைபேசியில் காட்டி வாதாடிய தம்பியின் நண்பர்கள், வேளைக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டார், கேள்வி கேட்காமல் விடுப்புக் கொடுத்த என் மேலாளர், எல்லோருக்கும் கைகூப்புகிறேன்.

நேற்று வரும் வழியில் படிக்கும் கண்ணாடி இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இப்படியொரு விசாரணைக்கு இனி எந்த அம்மா வந்தாலும், தகவல் தெரிந்தால் போய்ப் பக்கத்தில் நிற்பேன்.

அண்ணே, அம்மா வெளியே வருவதற்குள் உங்கள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டீர்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது இதுதான்: "அந்தத் தம்பி நூல் கட்டிப் போட்டிருக்குது. தேடிப் போயி பவர் என்னன்னு கேட்டுட்டு வா. புதுசா ஒண்ணு செஞ்சு குடுத்துடலாம்."