கன்னியாவுக்கு ஒரு வெப்பமானி

ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைச் சுற்றுலா பஸ்கள் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் அரை மணித்தியாலம் நின்றாலே அதிகம். பிள்ளைகள் ஏழு கிணற்றிலும் வாளி வாளியாய் அள்ளி ஊற்றிவிட்டு, இராவணன் கதையைக் கேட்டபடி ஏறிவிடுகிறார்கள். கிணறுகள் யாருக்குச் சொந்தம் என்று பத்திரிகைகளில் நிறைய எழுதியாயிற்று. தண்ணீர் ஏன் சுடுகிறது என்று எழுதியவர்கள் குறைவு.

இரசாயனவியலாளர் ஹம்ப்ரி டேவியின் தம்பி ஜோன் டேவி 1816 முதல் 1820 வரை இங்கே இராணுவ மருத்துவராக இருந்தவர். இலங்கை பற்றி 1821இல் வெளியிட்ட நூலில் இந்த ஊற்றுகளையும் விவரித்திருக்கிறார். அப்படியான அவதானிப்பை ஒன்பதாம் தர மாணவரும் செய்யலாம்.

குளிப்பவர்கள் வந்து கலக்குமுன், விடியற்காலையில் போக வேண்டும். ஆய்வுகூடத்து 0–100 பாகை அற்ககோல் வெப்பமானி போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி சரிவராது. அதன் அளவுகோல் 35இல் தொடங்கி 42இல் முடிந்துவிடும். பலரும் பிழைவிடுவது வாசிக்கும்போதுதான். வெறும் வெப்பமானியை வெளியே தூக்கினால், நனைந்த குமிழிலிருந்து நீர் ஆவியாகி, அளவு உடனே இறங்கிவிடும். குமிழ் ஒரு சிறிய பேணிக்குள் இருக்கும்படி கட்டி, கயிற்றில் அடிவரை இறக்கி, மூன்று நிமிடம் விட்டுத் தூக்குங்கள். பேணியோடு கிணற்று நீரும் வருவதால் ஆறுதலாக வாசிக்கலாம். திகதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள் மூன்றையும் எழுதாத அளவீடு வீண். மாரியில் நிலத்தடி நீர் மேலேறும்போது எண்கள் மாறக்கூடும்.

எரிமலை எதுவும் இங்கே இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை சூடு கூடும். சூடேறிய நீர் வேறு வெடிப்புகளால் மேலே வருகிறது. வரும் வழியில் மேல்மட்டக் குளிர்நீர் எவ்வளவு கலக்கிறதோ, அதற்கேற்ப ஒட்டி ஒட்டி இருக்கும் கிணறுகளிலும் சூடு வேறுபடும். இதை விளக்கி, திகதியிட்ட அளவீடுகளோடு வாசலில் ஒரு பலகை வைக்க உரியவர்கள் முன்வர வேண்டும்.

அதே நாளில் கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூருக்கும் போகலாம். 1660இல் ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிறைப்பட்டது மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாக் கரையில். 1679இல் தப்பிய அவர் இலங்கை பற்றி 1681இல் வெளியிட்ட நூலுக்கு முன்னுரை எழுதியவர், பௌதிகவியல் மாணவர்கள் வில் தராசோடு படிக்கும் அதே றொபேட் ஹூக். ஆசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க: அவர்கள் வந்த கப்பலின் தலைவர் தந்தை. அவர் பெயரும் றொபேட் நொக்ஸ்தான். நூல் எழுதியவர் பத்தொன்பது வயதில் பிடிபட்ட மகன்.

வாசகர்,
திருகோணமலை