காரணமில்லாமல் கத்துகிற கார் அலாம்

ஆசிரியர் அவர்கட்கு,

நடுச்சாமத்தில் ஒழுங்கைக்குள் ஒரு கார் கத்தத் தொடங்கினால் அயலில் உள்ள நாய்களெல்லாம் சேர்ந்துகொள்ளும். சொந்தக்காரர் றிமோட்டை அழுத்திவிட்டுத் திரும்பப் படுப்பார். அரை மணித்தியாலத்தில் மறுபடியும் கத்தும். மூன்றாம் நாள் காரைக் கராஜுக்குக் கொண்டுபோய், "இந்த அலாமைக் கழற்றிவிடுங்கோ" என்பார். அங்கே பெரும்பாலும் நடப்பது சைரன் வயரை வெட்டி ரேப் சுற்றுவதுதான். சத்தம் நின்றுவிடும், கோளாறு அப்படியே கிடக்கும். கதவு சுவிச் பழுதென்றால் உள்விளக்கு இரவிரவாக எரிந்து பற்றரியைக் குடிக்கும். பற்றரிதான் பழுதென்றால் ஒரு விடியற்காலை கார் ஸ்ராட் ஆகாது. அதனால்தான் இந்த விளக்கத்தை எழுதுகிறோம்.

அலாம் சும்மா கத்துவதில்லை. அதற்குச் செய்தி போகும் வழிகள் நாலைந்துதான்: கதவு, டிக்கி, பொனற் ஆகியவற்றின் சுவிச்சுகள், அதிர்வு சென்சர், சில கார்களில் உள்ளே அசைவு பார்க்கும் சென்சர், பற்றரியின் வோல்ற். எந்த வழியால் செய்தி போகிறது என்று பிடிப்பதுதான் பாடு. பிடித்த பிறகு வேலை பத்து நிமிடம்.

முதலில் உங்கள் காரில் இருப்பது கம்பனி போட்டு அனுப்பியதா, இங்கே பிறகு பொருத்திப் பூட்டியதா என்று தெரிந்துகொள்ளுங்கள். காரின் வழமையான ஹோர்ன் விட்டுவிட்டு அடித்தால் பெரும்பாலும் கம்பனியுடையது. ஆறேழு விதமான குரலில் சைரன் கத்தினால் பிறகு பூட்டியது. கம்பனி அலாமில் பழுதே இல்லாமல் கத்துகிற ஒரு சந்தர்ப்பம் உண்டு. அப்பாச்சியை முன்சீற்றில் இருத்திவிட்டு, றிமோட்டால் பூட்டிக்கொண்டு கடைக்குள் போகிறோம். வெக்கை தாங்காமல் அவர் உள்ளே இருந்து லொக்கை இழுத்துக் கதவைத் திறக்கிறார். அலாமுக்கு அவரும் கள்ளனும் ஒன்றுதான். இன்னொன்று, றிமோட்டால் திறந்துவிட்டு அரை நிமிடத்துக்குள் எந்தக் கதவையும் திறக்காமல் விட்டால் பல ரொயோட்டாக்கள் தாமாகவே திரும்பப் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு சாவியைத் துவாரத்தில் விட்டுத் திறந்தால் கத்தும். இந்த இரண்டிலும் திருத்த ஒன்றுமில்லை. றிமோட்டால் திறவுங்கள், அல்லது சாவியைப் போட்டு ஓன் பண்ணுங்கள், நின்றுவிடும்.

பிறகு பூட்டியவற்றில்தான் உண்மையான கோளாறுகள். எப்போது கத்துகிறது என்று இரண்டு மூன்று இரவு கவனித்துக் குறித்து வையுங்கள். காரைப் பூட்டிய கையோடு கத்தினால் ஏதோ ஒரு கதவு சுவிச். பஸ்ஸோ லொறியோ போகும்போது கத்தினால் அதிர்வு சென்சர். நாலைந்து நாள் ஓடாமல் நின்ற காரென்றால் பற்றரி. மழை பெய்த இரவில், அல்லது பனி இறங்கும் விடியற்புறத்தில் மட்டும் கத்தினால் முதலில் பொனற்றைத் திறந்து பாருங்கள்.

பொனற் சுவிச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நமது யாழ்ப்பாணப் பகுதியில் அதிகம் கழுத்தறுப்பது அதுதான். விரல் நீளத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு கம்பி, தலையில் ஒரு ரப்பர்த் தொப்பி, அடியில் ஒற்றை வயர். பொனற் மூடியிருக்கும்போது கம்பி கீழே அமர்ந்து தொடுப்பு விட்டிருக்கும். பொனற்றைத் தூக்கினால் கம்பி மேலே எழுந்து வயரைக் காரின் உடம்போடு, அதாவது ஏர்த்தோடு, தொடுக்கும். ஏர்த் கிடைத்ததும் அலாம் கத்தும். இப்போது உப்புக்காற்றை நினைத்துப் பாருங்கள். காரைநகர், ஊர்காவற்றுறை, பருத்தித்துறைப் பக்கத்துக் கார்களிலும், தினமும் கடல் நடுவே போகும் பண்ணைப் பாலத்தால் போய்வரும் கார்களிலும் இந்தச் சுவிச்சைக் கழற்றினால் உள்ளே பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருக்கும். அந்த உப்புப்படை பகலில் காய்ந்து பேசாமல் கிடக்கும். இரவில் ஈரத்தை உறிஞ்சியதும் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். ஒருவரும் பொனற்றைத் தொடவில்லை, ஆனால் வயருக்கு ஏர்த் கிடைத்துவிட்டது. பகலில் கராஜுக்குக் கொண்டுபோனால் "ஒரு குறையும் இல்லை" என்று திருப்பி அனுப்புவதும் இதனால்தான்.

சேர்விஸ் ஸ்ரேஷனில் அமுக்கத் தண்ணீரால் எஞ்சின் கழுவிய அன்றிரவு கத்துவதற்கும் இதே காரணம். அலாம் பூட்டியவர் சுவிச்சுக்கு எங்கே துளை போட்டார் என்றும் பாருங்கள். பொனற்றின் இரு ஓரத்திலும் மழைநீர் வடிந்தோட ஒரு வாய்க்கால் இருக்கும். துளைபோட வசதியென்று அதற்குள்ளேயே சுவிச்சை இறக்கிவிடுகிறார்கள். அது மாரி முழுக்கத் தண்ணீரில் நிற்கும். மேடான இடத்துக்கு மாற்றாமல் எத்தனை புதுச் சுவிச் போட்டாலும் அடுத்த மாரிக்கு அதே கதைதான்.

சோதிக்க, மின்சாரம் அளக்கும் மல்ரிமீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் இடத்தில், அதாவது 'பீப்' அடிக்கும் இடத்தில் வைத்து, வயரைக் கழற்றி, ஒரு முனையைச் சுவிச்சின் அடியிலும் மறு முனையைக் காரின் வெறும் இரும்பிலும் பிடியுங்கள். கம்பி எழுந்திருக்கும்போது பீப் வர வேண்டும், அமத்தினால் நிற்க வேண்டும். பிறகு மேலே கொஞ்சம் தண்ணீர் தெளித்து, அமத்திப் பிடித்தபடி மீற்றரைத் தடை அளக்கும் ஓம் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். நல்ல சுவிச்சென்றால் முள்ளோ எண்ணோ அசையாது. சில ஆயிரம் ஓம் என்று காட்டினால் குப்பையில் போடலாம். மூடும்போது கம்பி கால் அங்குலமாவது கீழே போக வேண்டும். பொனற்றைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகள் தேய்ந்தாலும் தொலைந்தாலும் பொனற் நிற்கும் உயரம் மாறி, கம்பி அரைகுறையாக நிற்கும். புதுச் சுவிச் விலை அதிகமில்லை. பழையதை அரத்தாள் போட்டுத் தேய்த்து மினக்கெட வேண்டாம். புதியதின் தலையில் கொஞ்சம் வசிலின் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், செம்மண் தூசியைப் பிடித்துக் களியாக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை: கம்பனி அலாம் சிலவற்றில் சுவிச் தலைகீழாக வேலை செய்யும். அங்கே வயரைக் கழற்றினால் பொனற் திறந்துவிட்டதென்றே அலாம் எண்ணும். மீற்றர் பிடிக்காமல் எதையும் கழற்றக் கூடாது.

அடுத்தது பற்றரி. காலையில், ஸ்ராட் பண்ணுவதற்கு முன் பற்றரியில் மீற்றர் பிடியுங்கள். 12.6 வோல்ற் என்றால் நிறைவு. 12.4 முக்கால். 12.2 அரை. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். ஸ்ராட்டர் சுற்றும் நேரத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால் பற்றரிக்குள் பலம் இல்லை. வோல்ற் இறங்கும்போது அலாமின் மூளை ஒரு கணம் மயங்கி எழும்புகிறது. எழும்பியதும் யாரோ பற்றரி வயரை வெட்டியதாக நினைத்துக் கத்துகிறது. சொந்தப் பற்றரி உள்ளே வைத்த சைரன்கள் இதில் இன்னும் மோசம். அந்தச் சின்னப் பற்றரி சில வருடங்களில் செத்துவிடும். அதன்பிறகு சைரன் மட்டும் தன்பாட்டில் குரல் எழுப்பும். அதற்குப் பெரும்பாலும் சைரனை மாற்றுவதுதான் வழி. புதியதைப் பூட்டும்போது வாய் கீழே பார்க்கட்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கும்.

கணக்கு ஒன்று சொல்கிறோம். நல்ல நிலையிலுள்ள கார் பூட்டி நிற்கும்போது ஏறத்தாழ 30 மில்லியம்பியர் இழுக்கும். நாளொன்றுக்கு 0.72 அம்பியர் மணி (ஓர் அம்பியர் வீதம் ஒரு மணித்தியாலம் இழுத்தால் ஓர் அம்பியர் மணி). சின்னக் காரின் 35 அம்பியர் மணிப் பற்றரி பாதியாக 24 நாள் செல்லும். வெளிநாட்டில் இருந்து வருபவர்களுக்கென்று போர்ட்டிகோவில் மாதக்கணக்காக நிறுத்திவைத்த கார்கள் ஏன் ஆளில்லாத வீட்டில் கத்துகின்றன என்று இதிலிருந்து விளங்கும். டாஷ் கமெரா ஒன்றை நேரடி வயரில் கொடுத்து அது கால் அம்பியர் இழுத்தால், நாளுக்கு 6 அம்பியர் மணி. மூன்றே நாளில் பாதி போய்விடும். 50 மில்லியம்பியருக்கு மேல் இழுத்தால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது. அளக்க, மைனஸ் வயரைக் கழற்றி மீற்றரை 10 அம்பியர் இடத்தில் இடையில் தொடுத்து, கதவுகளைச் சாத்தி, அரை மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். மீற்றர் இருக்கும்போது ஸ்ராட் பண்ணினால் மீற்றரின் பியூஸ் போய்விடும். பற்றரி முனையில் பூத்திருந்தால், ஒரு கோப்பை சுடுதண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கழுவித் துடைத்து, முறுக்கிய பின் வசிலின் பூசினால் போதும்.

அதிர்வு சென்சர் டாஷ்போட்டுக்கு அடியில் தீப்பெட்டியளவு கறுப்புப் பெட்டியாக இருக்கும். அதில் ஒரு சின்ன ஸ்குறூ, கூட்டவும் குறைக்கவும். எல்லோரும் முதலில் அதைத்தான் திருகுகிறார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது பெட்டி இறுக்கமாக இருக்கிறதா என்பதை. இரட்டை முக ரேப்பால் ஒட்டியிருப்பார்கள். நம் வெய்யிலில் கண்ணாடி சாத்தி நிற்கும் காருக்குள் அந்தப் பசை உருகிவிடும். பிறகு பெட்டி வயரில் தொங்கி ஆடும். காங்கேசன்துறை வீதியில் ஒரு பஸ் போனாலும், கோயிலில் வெடி போட்டாலும், சோளகக் காற்று ஓங்கி அடித்தாலும் அது துள்ளும். அசையாத ஒரு இரும்புத் தகட்டோடு இரண்டு கேபிள் ரை போட்டு இறுக்கிவிட்டு, அதற்குப் பிறகு ஸ்குறூவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். அது முழுச்சுற்றுச் சுற்றாது, முரட்டுத்தனமாகத் திருகினால் உடையும். பூட்டி ஒரு நிமிடம் கழித்து முன்கண்ணாடித் தூணில் மூடிய கையால் தட்டிப் பாருங்கள். மெல்லத் தட்டினால் ஒரு 'கீக்', பலமாகக் குத்தினால் முழுச் சத்தம். மாங்காய் விழுந்ததற்கு ஊரை எழுப்பக் கூடாது.

சந்தேகம் தீரவில்லையா? சென்சரின் கொனெக்ரரைக் கழற்றிவிட்டு ஓர் இரவு பூட்டி வையுங்கள். சத்தமில்லை என்றால் சென்சர்தான். கத்தினால் அதைத் திரும்பத் தொடுத்துவிட்டு அடுத்ததைக் கழற்றுங்கள். ஒரு இரவுக்கு ஒன்று. இரண்டைச் சேர்த்துக் கழற்றினால் ஒன்றும் தெரியவராது.

கதவு சுவிச்சுக்கு மீற்றரே வேண்டாம். இருட்டியதும் உள்விளக்கைக் கதவோடு எரியும் இடத்தில் வைத்து, உள்ளே இருந்து எல்லாக் கதவையும் சாத்தி, ஒவ்வொன்றையும் உள்ளிருந்து தள்ளிப் பாருங்கள். விளக்கு மினுங்கினால் அந்தக் கதவு. டிக்கியை மறக்க வேண்டாம். அதன் சுவிச் பல கார்களில் பூட்டுக்குள்ளேயே இருக்கும். கதவுக்கும் உடம்புக்கும் இடையில் உள்ள ரப்பர்க் குழாய்க்குள் வயர் ஒடிந்து உரசுவதும் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியது. அந்த இடைவெளியில் நம் கார்களோடு இந்த ரப்பர்களும் கிழடாகிவிட்டன.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். உள்ளே அசைவு பார்க்கும் சென்சர் இருந்தால் கண்ணாடியை முழுக்கச் சாத்துங்கள். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் தொங்கும் மணிமாலையும் உள்ளே ஓடும் பல்லியும் அதற்குப் போதும். எலியும் அணிலும் வயர் கடித்த தடம் பொனற்றுக்குள் இருக்கிறதா பாருங்கள். தொலைபேசிக் கோபுரத்தைக் குற்றஞ்சொல்கிறவர்கள் உண்டு. அலை இடைஞ்சலால் றிமோட் வேலை செய்யாமல் போகலாம், அலாம் கத்துவது பெரும்பாலும் அதனால் இல்லை. காற்சட்டைப் பையில் கிடந்து அமுங்கும் றிமோட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்றிரவே நிறுத்த வேண்டுமென்றால் பற்றரியைக் கழற்ற ஓட வேண்டாம். உள்பற்றரி உள்ள சைரன் அப்போதுதான் கூடக் கத்தும். பிறகு பூட்டிய அலாம்கள் பலவற்றில் டாஷ்போட்டுக்கு அடியில் ஒளித்துவைத்த சின்ன பட்டன் ஒன்று இருக்கும். சாவியை ஓனில் வைத்து அதை அழுத்திப் பிடித்தால் அலாம் ஓய்வுக்குப் போகும். அது எங்கே இருக்கிறது என்று அலாம் பூட்டும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். பல றிமோட்டுகளில் அதிர்வு சென்சரை மட்டும் தூங்கவைத்துவிட்டுக் கதவுகளைப் பூட்டும் முறையும் உண்டு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒழுங்கைகளுக்குள் காரை நெருக்கி நிறுத்துகிறவர்கள் அந்த முறையில் பூட்டி, தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி முன்கண்ணாடிக்குள் வைத்துவிட்டுப் போனால், சுவாமி வீதி சுற்றி முடியும் வரை அந்த வீட்டுக்காரர் படலையடியில் காவல் நிற்கத் தேவையில்லை.

வாகன மின்வேலை செய்வோர்,
கோண்டாவில்.