பாட்டியின் முகத்தில் கை வைக்காதீர்கள்

ஐயா,

பூசை அறைக்கும் நினைவஞ்சலி பேனருக்கும் பழைய படங்களை ஏஐ-யில் போட்டுச் சரிசெய்வது சேலத்தில் சகஜமாகிவிட்டது. படம் பளிச்சென்று வருகிறது, ஆள்தான் மாறிவிடுகிறார். மங்கிய குரூப் போட்டோவில் ஒரு கண்ணுக்குக் கிடைப்பதே பத்திருபது பிக்சல்கள். மீதியை மென்பொருள், தான் பழகிய முகங்களைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறது. மூக்குத்தி மச்சமாகும், தோடு கரையும், அம்மைத் தழும்பு காணாமல் போகும்.

600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, அசலைத் தனி லேயராக, அதாவது தொடாத தனி அடுக்காக வையுங்கள். கிழிசலையும் கறையையும் மட்டும், ஓரம் கொஞ்சம் தாராளமாகவே விட்டுத் தேர்ந்தெடுத்து ஏஐ-யால் நிரப்புங்கள். கிழிசல் முகத்தில் ஓடினால், பக்கத்து இடத்தைக் கையால் நகலெடுத்து ஒட்டும் குளோன் ஸ்டாம்ப்தான்; நேரம் பிடிக்கும், வேறு வழியில்லை.

தேர்ந்தெடுத்த இடத்தை ஏஐ-யால் நிரப்பும் போட்டோஷாப்பின் ஜெனரேடிவ் ஃபில் 2023-இல் வந்தபோது ஒரு தடவைக்கு 1024-க்கு 1024 பிக்சலே தந்தது. 12-க்கு 18 அங்குலப் பிரிண்ட்டுக்கு 300 டிபிஐ-யில் 3600-க்கு 5400 வேண்டும். பெரிய பின்னணியை ஒரே வீச்சில் நிரப்பினால் அந்த இடம் மட்டும் மெழுகு பூசியதுபோல் நிற்பது இதனால்தான். துண்டு துண்டாக நிரப்பி, கடைசியில் லேசாக நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேருங்கள். பிரிண்ட்டின் பின்புறம் 'ஏஐ திருத்தம்' என்று பென்சிலால் எழுதிக் கொடுங்கள்.

– ஸ்டுடியோ தொழில் செய்வோர் சிலர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.